மண் செய்த வேலை

செய்யூரில் அடர்ந்த முடியுள்ள நாயை வளர்ப்பவர் யாரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லை. பங்குனி கழிந்தால் போதும், பால்காரர் முதல் கொரியர் பையன் வரை வாசலுக்கு வருகிற எல்லாரும் தாமாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா இதில் எல்லாரையும்விடத் தீவிரம். “இன்னாத்துக்கு தம்பி இந்த வாயில்லா ஜீவனுக்கு இம்மாம் மயிரு? பாவம், வெந்து சாவுது பாரு. ஒரு மொட்டை அட்ச்சி வுட்றதுதானே?”

இதில் கிண்டல் கொஞ்சமும் கிடையாது, முழுக்க இரக்கம். பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுப் பழகிய ஊர் நம்முடையது. வெயில் காலத்தில் தலைமுடி இறங்கினால் எவ்வளவு சுகம் என்பது எல்லாருக்கும் தெரியும். நமக்குச் சுகமானது அதற்கும் சுகமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது நல்ல மனசின் அடையாளம். நல்ல மனசோடு கொஞ்சம் அறிவும் சேர வேண்டும் என்பதைத்தான் இந்த நாய்களின் உடம்பு நமக்குச் சொல்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது சைபீரியன் ஹஸ்கி. சென்னையில் வேலை பார்த்தபோது மகன் குட்டியாக வாங்கினான். வேலை கடல் கடந்ததும் நாய் செய்யூருக்கு வந்து சேர்ந்தது. இப்படி வந்துசேர்ந்த ஹஸ்கிகளும் கோல்டன் ரெட்ரீவர்களும் இன்று சிற்றூர்களிலும் உண்டு. அடர்முடி நாய் நமக்கு அப்படியொன்றும் புதிதல்ல. 1980களிலும் 90களிலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ‘பொமரேனியன்’ என்று ஒரு வெள்ளை நாய் கேட்டுக்குப் பின்னால் நின்று குரைத்துக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் நடித்த டஃபியும் அந்த இனம்தான். அதற்கும் இரண்டடுக்கு முடி உண்டு. யாரும் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. வீட்டிலிருந்த பழைய சீப்பால் ஞாயிற்றுக்கிழமை வாரிவிட்டார்கள், முடிந்தது. ஹஸ்கி விஷயத்தில் அந்தச் சீப்பு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

ஏன் நின்றுவிடுகிறது என்பதை முடியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, விலாப்பக்கத்து முடியில் இரண்டு கட்டைவிரல்களாலும் வகிடெடுக்க வேண்டும். மேலே தெரிவது நீளமான, சற்று முரட்டுத்தனமான, வழவழப்பான மேல்முடி. தண்ணீரை வழியவிடுவதும் வெயிலைத் தடுப்பதும் அதன் வேலை. அதற்கடியில் விரல் நுனி புதைகிற அளவுக்குப் பஞ்சுபோன்ற அடிமுடி. குட்டையானது, நெளிநெளியானது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்பது. ஒரே துளையிலிருந்து ஒரு மேல்முடியும் அதைச் சுற்றிப் பல அடிமுடிகளும் முளைக்கின்றன. அதையும் விலக்கினால்தான் தோல் தெரியும். வகிடெடுத்த விரலை எடுத்த மறுகணம் மூடிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் குளிரைத் தடுப்பது முடி என்றுதான் நினைப்போம். தடுப்பது காற்று. அடிமுடியின் நெளிவுகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. முடி அந்தக் காற்றைப் பிடித்துவைக்கிற வலை மட்டுமே. அதே இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை மாறிவிடும். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். மழையில் நனைந்த இலவம்பஞ்சு மெத்தையை எத்தனை பேர் சேர்ந்து தூக்கினாலும் அது மெத்தையாக இருக்காது. முடி அத்தனையும் அப்படியே இருந்தும், காற்று போய்விட்டால் இந்தக் கோட்டு வெறும் பாரம்தான்.

காற்றுக்குக் குளிர், வெயில் என்ற பேதம் கிடையாது. சைபீரியாவில் உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாத அதே அடுக்கு, செய்யூரின் மே மாதத்தில் வெளியிலிருந்து அடிக்கும் வெயில் நேரே தோலில் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். கத்திரி வெயிலில் நம் மாவட்டத்தில் நிழலிலேயே 40ஐத் தொடும் நாட்கள் உண்டு. வெளியே உடம்பைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் கவசத்தைக் கழற்றுவதால் என்ன லாபம்? மொட்டை அடித்தால் தோல் வெயிலில் வேகும். மழித்த முடி பழையபடி வளராமலும் போகலாம். ஹஸ்கி, மலமூட், சமோயெட், சௌ சௌ போன்ற வடதேசத்து இனங்களில் மயிர்க்கால்கள் தம் வாழ்நாளில் பெரும்பகுதி உறக்க நிலையில் இருப்பவை. மழித்த பிறகு மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டு தாண்டியும், அந்த இடம் சொட்டையாகவே நிற்பதைக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சிலவற்றில் அடிமுடி முந்திக்கொண்டு வளர்ந்து மேல்முடி பின்தங்கிவிடும். அப்போது வெயிலும் தடுக்கப்படாது, மழையும் வழியாது. மயிர் போனால் உயிர் வாழாது என்று சொல்லப்படும் கவரிமாவை இங்கே இழுக்க வேண்டாம்; அது மானத்தைப் பற்றிய பேச்சு. இது வெறும் வெப்பத்தைப் பற்றியது.

அப்படியானால் ஹஸ்கி செய்யூரில் சுகமாக இருக்கிறதா என்றால், இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்த்து ஆறாது. பாதத்தின் அடிப்பகுதியில்தான் அந்த வகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உள்ளே ஊறும் சூட்டைத் தள்ள வேண்டும். கடற்கரை ஓரத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவி போக இடமில்லை. சூட்டைவிடப் புழுக்கம்தான் இங்கே பகை. ஆகவே, விடியும் முன் நடை, பகலெல்லாம் நிழல், சிமென்ட் தரை, மின்விசிறி, எப்போதும் தண்ணீர். சூடு ஏறிவிட்டால் வயிற்றையும் தொடையிடுக்கையும் பாதத்தையும் நனைத்துக் காற்றுப் பட விடவேண்டும். முதுகில் ஈரத்துண்டைப் போர்த்தினால் அது சூட்டை உள்ளேயே மூடிவைத்துவிடும். இவ்வளவையும் செய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்: சீவுவது.

ஹஸ்கி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் சீவுவதற்குப் பொருள் விளங்கும். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுகோத்கா என்ற நிலப்பகுதி. அங்கே வாழும் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த நாய்கள்தான் ஹஸ்கியின் மூதாதைகள். 1908-09 வாக்கில் அவை கடல் தாண்டி அலாஸ்காவின் நோம் நகருக்குப் போயின. 1925 ஜனவரியில் அந்த நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தை ஏற்றிய வண்டிகளை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அஞ்சல் ஓட்டமாக இழுத்துச் சென்றவை சறுக்குவண்டி நாய்கள். லியோன்ஹார்ட் செப்பாலா ஓட்டிய அணிக்கு டோகோ என்ற ஹஸ்கிதான் முன்னணி நாய். உறைநிலைக்கு வெகு கீழே, பனிப்புயலில், ஐந்தரை நாளில் மருந்து போய்ச் சேர்ந்தது. நாம் அழகு என்று போட்டோ எடுத்துக்கொள்ளும் முடி அந்த வேலைக்கான கருவி.

கருவிக்கு ஒரு நாட்காட்டியும் உண்டு. பலரும் நினைப்பதுபோல முடி உதிர்வதைத் தீர்மானிப்பது சூடு மட்டும் இல்லை, பெரும்பங்கு வெளிச்சத்துக்கு. இரவு நீண்டால் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனினை அதிக நேரம் சுரக்கும். பகல் நீண்டால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைப் படித்துத்தான் மயிர்க்கால்கள் ‘குளிர் போகிறது, கனத்த கோட்டைக் கழற்று’ என்றோ ‘குளிர் வருகிறது, நெய்துகொள்’ என்றோ முடிவெடுக்கின்றன. சுகோத்காவில் இந்தக் கட்டளையில் குழப்பத்துக்கே இடமில்லை. கோடையின் உச்சியில் பகல் 20 மணி நேரத்துக்கும் மேல். குளிர்காலத்தின் அடியில் நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். வசந்தத்தில் பகல் நாளுக்கு நாள் பாய்ந்து நீளும். உடம்பு அதைக் கேட்டு, சில வாரங்களில் அடிமுடி மொத்தத்தையும் விட்டுவிடும். நாய் புதரில் உரசும், ஈரப்பனியில் புரளும், ஓடும், காற்று மீதியைப் பறித்துக்கொண்டு போகும்.

செய்யூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஆனி மாதத்துக்கும் மார்கழிக்கும் இடையில் மாலை விளக்கு ஏற்றும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். அதற்கு மேல் வீட்டுக்குள் இரவு பத்து மணி வரை எரியும் எல்இடி வெளிச்சம். பெரிய குரலில் கட்டளை கேட்டுப் பழகிய உடம்புக்கு இங்கே கிசுகிசுப்புதான் கேட்கிறது. ‘கழற்று’ என்று யாரும் உரக்கச் சொல்வதில்லை, ‘போட்டுக்கொள்’ என்றும் சொல்வதில்லை. ஆகவே ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெய்துகொண்டும் இருக்கிறது. “எப்பப் பாத்தாலும் கொட்டுது” என்று ஹஸ்கி வளர்ப்பவர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

கொட்டுவதாவது பரவாயில்லை, சோபாவில், வேட்டியில், சாம்பாரில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடுகிற முடிதான் சிக்கல். அடிமுடி வேர் விட்டு உதிர்ந்தாலும் தரையில் விழாது. உயிருள்ள முடிகளின் நெளிவில் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதன்மேல் தோலின் எண்ணெய்ப் பிசுக்கும் மணலும் ஈரமும் சேர்ந்தால் முதலில் சிக்கு, பிறகு சடை, கடைசியில் கம்பளிபோல ஒரு தகடு. தகடு விழுந்த இடத்தில் காற்று நுழையாது. அடியில் தோல் ஈரமாகவே இருந்து சிவந்து, நீர் கசிந்து, ஒரே நாளில் உள்ளங்கை அகலப் புண்ணாகிவிடும். இவ்வளவு முடி இருந்தும் குளிரையும் தடுக்காமல் சூட்டையும் தடுக்காமல் நாயை வதைப்பது அந்த மிச்சம்தான். பெரியம்மா பார்த்துப் பரிதாபப்பட்டது சரி. முடி பாரம் என்று நினைத்ததும் சரி. எந்த முடி பாரம் என்பதில்தான் தவறு.

அந்த மிச்சத்தை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும், முரட்டுத்தனம் ஆகாது. கடையில் ஸ்லிக்கர் பிரஷ், அண்டர்கோட் ரேக், பல் அகன்ற ஸ்டீல் சீப்பு என்று மூன்று கிடைக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அவை போதும். மேலாக வாரினால் மேல்முடி பளபளக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அடியில் ஒன்றும் நடந்திருக்காது. பின்னங்காலின் கீழிருந்து தொடங்க வேண்டும். இடது உள்ளங்கையால் முடியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, கீழே ஒரு வகிடு தெரிகிறபடி செய்து, அந்த வகிட்டிலிருந்து ஒரு விரற்கடை முடியை மட்டும் தோலிலிருந்து நுனிவரை சீவ வேண்டும். சுத்தமானதும் கையைச் சற்று மேலே நகர்த்தி அடுத்த வகிடு. நாற்று நடுவதுபோல வரிசை வரிசையாகத்தான் போக முடியும். ரேக்கை அழுத்தினால் தோலில் கீறும்; அதன் எடையிலேயே இழுபட விட்டால் பல்லிடுக்கில் சாம்பல் நிறத்துப் பஞ்சு திரண்டு வரும். வந்தது உதிர்ந்த முடி. பிடித்து நிற்பது உயிருள்ள முடி. எது எது என்று கருவி கேட்டுக்கொள்ளும். நாம் இழுத்துத் தீர்மானிக்கக் கூடாது.

காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் தொடங்கும் இடத்தில், பின்தொடையின் குஞ்சத்தில் சிக்கு முதலில் விழும். சிக்கு விழுந்த இடத்தில் வேர்ப்பக்கத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வேரை நோக்கி வரவேண்டும். எண்ணெய் தேய்க்காத தலையில் பேன் சீப்பு இழுத்த பாட்டிகளிடம் கத்திய பிள்ளைகளுக்கு இந்த நியாயம் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரியாத சடையைக் கத்தரியால் எடுக்கப் போனால், சடைக்குள் தோலும் மடிந்து ஏறியிருக்கும்; அதை வெட்டிவிட்டு ரத்தத்தோடு மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. அந்த அளவுக்குப் போன சடையைத் தெரிந்தவர் மெஷினால் எடுப்பதே நல்லது. அந்த இடம் மட்டும் மொட்டையாவது வேறு, நாயே மொட்டையாவது வேறு.

குளிப்பாட்டுவதில் நம் கரைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. முதலில் சீவல், பிறகு குளியல் என்பது எங்கும் உள்ள விதி. சிக்கோடு நனைத்தால் அது காய்ந்து கயிறாகிவிடும். ஆனால் உப்பளமும் உப்பங்கழியும் அருகில் இருக்கும் இந்தப் பக்கத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஷாம்பு நுரைக்காது, நுரைத்தால் போகாது. காய்ந்தபின் அடிமுடியில் ஒரு பிசுபிசுப்பு தங்கும், தோல் அரிக்கும். கடைசி அலசலுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்துவைத்துக்கொண்டால் நாய்க்கும் நமக்கும் நிம்மதி. நம்முடைய ஷாம்பு அதற்கு ஆகாது; நாய்த்தோலின் அமிலத்தன்மை நம் தோலினுடையதைவிடக் குறைவு. குளிப்பாட்டிய பிறகு மேலே காய்ந்ததுபோலத் தெரியும். வகிடெடுத்துத் தொட்டால் அடியில் ஈரம் இருக்கும். கடற்காற்று எழும் பிற்பகலில் திண்ணையில் விசிறியும் போட்டு, விரல் தோலைத் தொடும்போது சில்லென்று இல்லாத வரை துடைத்துச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அது காய்கிற பேச்சே இல்லை. அந்த மாதங்களில் குளியலைத் தள்ளிப்போட்டுச் சீவலைக் கூட்டுவது புத்திசாலித்தனம்.

சீவும்போதே கை இன்னொரு வேலையும் பார்க்கும். விரலிடுக்கில், காதுமடிப்பில், கழுத்தில் மிளகு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால் அது உண்ணி. ரத்தம் குடிப்பதோடு நிற்காமல் எர்லிச்சியா என்ற கிருமியையும் ஏற்றிவிட்டுப் போகும். உண்ணிக் காய்ச்சலில் சோறு தள்ளி, மூக்கில் ரத்தம் வடிந்து சாகும் நாய்கள் நம் பக்கத்தில் அபூர்வமில்லை. குட்டைமுடி நாயில் உண்ணி கண்ணுக்குத் தெரியும். ஹஸ்கியில் கைக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கை வராத வாரத்தில் உண்ணிக்குக் கொண்டாட்டம்.

திண்ணையில் உட்கார்ந்து இப்படிச் சீவிக்கொண்டிருக்கும்போது தெருவைப் பார்க்காமல் இருக்க முடியாது. தெருநாய் ஒன்று குழாயடியில் ஈரமண்ணைக் காலால் பறித்துக் குழியாக்கி வயிற்றை அதில் பதித்துப் படுத்திருக்கும். யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. ஒட்டிய முடி, ஒல்லி உடம்பு, நீண்ட கால். சூட்டைத் தள்ள உடம்பே ஏற்பாடு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு நாய்களும் அப்படித்தான். ஆடு கூட அப்படித்தான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துக்கே உரிய மெட்ராஸ் ரெட் செம்மறியைப் பாருங்கள்: செம்மறி என்றதும் உலகம் கம்பளியை நினைக்கும், இதன் உடம்பிலோ கம்பளியே கிடையாது. சிவந்த குட்டைமுடிதான். இந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் கம்பளி கத்தரிக்கத் தெரிந்துகொள்ளவே வேண்டியிருந்ததில்லை. நீலகிரிக்கு ஏறினால் அங்கேயுள்ள நீலகிரி ஆட்டுக்குக் கம்பளி உண்டு. நாய்களிலும் இதே கதைதான். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் இமயமலை ஆட்டுக்காவல் நாயும் இருந்தது, ராஜபாளையமும் இருந்தது. ஒன்றுக்குப் போர்வைபோல முடி. மற்றதற்குத் தோலோடு ஒட்டிய முடி. இரண்டும் அழகு, அதனதன் இடத்தில்.

பக்கத்தில் ஓதியூர் காயலுக்கும் சற்றுத் தள்ளி வேடந்தாங்கலுக்கும் குளிர்காலத்தில் வருகிற வடநாட்டுப் பறவைகளும் இதே பகல்நீளத்தைப் படிக்கிறவைதான். அவற்றுக்கு இங்கே சூடு ஏறினால் பிரச்சினை இல்லை. இறகை விரித்துத் திரும்பிவிடும். வந்ததும் அவற்றின் விருப்பம், போவதும் அவற்றின் விருப்பம். ஹஸ்கி அப்படி வரவில்லை. ஆசைப்பட்ட யாரோ கொண்டுவந்தார்கள். திரும்பிப் போக வழியும் இல்லை. ஹஸ்கி, மலமூட், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ போன்ற இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, இங்கே அவற்றை இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. இனிப் பிறக்கப் போவதற்கு அது பதில். பிறந்து, வளர்ந்து, என் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அதற்குச் சீப்புதான் பதில்.

அப்படிச் சீவும்போதுதான் புரிகிறது, நான் செய்துகொண்டிருப்பது சைபீரியாவின் வேலை என்று. அங்கே நீளும் பகலும் புதரும் பனியும் காற்றும் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்துமுடித்த காரியம், இங்கே ஒரு மனிதனின் இரண்டு கைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது நாய்க்கு மட்டும் உள்ள விஷயமா? இதே தெருவிலிருந்து பிள்ளையைப் பார்க்க டொரோன்டோ போன பாட்டிகள் இருக்கிறார்கள். அங்கே மார்கழியில் பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். சூரியன் சாய்ந்தே நிற்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட்டாக இரண்டடுக்குப் போட்டுக்கொண்டு வெளியே போனாலும் தோலில் வெயில் படாது, பட்டாலும் அதில் வலு இருக்காது. மருத்துவர் வைட்டமின் டி மாத்திரை எழுதித்தருவார். செய்யூரில் வடாம் காயவைக்க மொட்டைமாடிக்கு ஏறிய நேரத்தில் சூரியன் ஓசையில்லாமல் செய்துகொடுத்ததை அங்கே புட்டி செய்கிறது. வேலை ஒன்றுதான், ஆள்தான் மாறியிருக்கிறது.

சூரியனின் வேலைக்காவது மாத்திரை கிடைக்கிறது. தெருவின் வேலைக்கு? விடிந்ததும் எதிர்வீட்டில் ‘சாப்டியாம்மா’ என்ற குரல், பூக்காரியிடம் பத்து நிமிஷப் பேச்சு, பிரதோஷத்துக்கு வால்மீகநாதர் கோயிலில் நாலு பேர், தேய்பிறை அஷ்டமிக்குக் கந்தசாமி கோயில் பைரவர் சந்நிதியில் கூடும் கூட்டம். இதையெல்லாம் யாரும் அந்தப் பாட்டிக்குச் செய்த உதவி என்று எண்ணியதில்லை, அவரும் எண்ணியதில்லை. ஊர் அதைச் செய்துகொண்டிருந்தது. பதினான்காவது மாடியில் குடியேறிய பிறகு அவர் பேச்சு குறைந்து, முகம் வாடி, ‘அம்மா ஏன் இப்படி எரிச்சல்படுறாங்க’ என்று பிள்ளை கேட்கும்போதுதான், இதுவரை வேறு யாரோ ஒரு வேலையைச் செய்துவந்தார்கள் என்பதே தெரியவருகிறது.

மண் செய்யும் வேலைக்கு ஓசை கிடையாது, ரசீது கிடையாது. அதனால்தான் ஓர் உயிரை எடுத்துக்கொண்டு வரும்போது உயிரை மட்டும் எடுத்துவருகிறோம். அதோடு அதுவரை சேர்ந்து வேலை செய்த வெளிச்சத்தையும் காற்றையும் பேச்சையும் விட்டுவிட்டு வருகிறோம் என்பது கணக்கில் ஏறுவதில்லை. பிறகு அந்தக் கணக்கு பாக்கி கேட்டு வரும்போது நமக்கு மூன்று வழிகள். கைகழுவிவிடலாம், ‘வளர்க்க முடியவில்லை’ என்று ஹஸ்கியைத் தெருவில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அல்லது வந்த இடத்துக்கு ஏற்ப உயிரை வெட்டிக் குறைக்கலாம்: நாயை மொட்டையடிக்கலாம், தாயிடம் ‘இங்க இப்படித்தான், பழகிக்கோ’ என்று சொல்லலாம். இரண்டாவதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரக்கத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த இரக்கம் உழைப்பை மிச்சம் பிடிக்கப் பார்க்கிற இரக்கம். ஒரு முறை மெஷின் ஓடினால் வேலை முடிந்தது என்று அது நினைக்கிறது.

மூன்றாவது வழிக்கு முடிவே கிடையாது. வாரத்துக்குச் சில மணி நேரம், ஆண்டு முழுக்க, வகிடு வகிடாக. மண் செய்ததை அதே நேர்த்தியோடு எந்தக் கையும் செய்துவிட முடியாது என்பதும் உண்மை. நான் எவ்வளவு சீவினாலும் செய்யூரில் வசந்தம் வராது. புழுக்க நாளில் அந்த நாய் இரைப்பதை நிறுத்தப் போவதில்லை. முழுதாகச் செய்ய முடியாது என்பதனால் செய்ய வேண்டிய கடமை குறைந்துவிடாது. கொண்டுவந்தவன் நானாக இல்லாவிட்டாலும், இப்போது அது இருப்பது என் வீட்டில்.

வளர்ப்பது என்றால் சோறு போடுவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோறு எந்த ஊரிலும் கிடைக்கும். ஓர் உயிரிடமிருந்து அதன் ஊரைப் பறித்தவருக்கு விதிக்கப்பட்ட வேலை அதைவிடக் கடினமானது: அந்த ஊராகத் தானே ஆவது. இடம்பெயர்த்தவர்தான் இடமாக வேண்டும். அதற்குத் துணிவில்லாதவர் குட்டியின் நீலக்கண்ணைப் பார்த்து மயங்கும் முன்பே திரும்பி நடந்துவிடுவது நல்லது. துணிந்தவருக்கோ, சீப்பைக் கீழே வைக்கிற நாள் என்று ஒன்று கிடையாது.